லாரி நிழலில் ஒரு பச்சைக் கார்

அழுகிற ஆட்களைக் கண்டால் பஞ்சருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பதற்றத்தில் ஏதாவது ஜோக் அடித்துத் தொலைப்பான். அவர்கள் இன்னும் கொஞ்சம் அழுவார்கள். அதனால் அன்று காலை துப்பறியும் அலுவலகத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் அழாமல் விறைப்பாக நின்றதும் அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அவள் வாயைத் திறக்கும்வரைதான் அந்த அப்பாடா.

"என் தம்பி பிரேக் அடிச்சான். இல்லைன்னு சொல்லல. ஆனா கொலை பண்ணல."

அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். டயர் கடைக்கு மேல் ஒரே அறை, இரண்டு மேஜை, ஓடினால் இரைச்சல் போடுகிற ஒரு மின்விசிறி. பெரிய மேஜைக்குப் பின்னால் டீச்சர். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்தவர். காணாமல்போன கார் ஒன்றை, திருடியவன் ரிவர்ஸ் எடுக்கிற லட்சணத்தை வைத்தே பிடித்துக் கொடுத்த நாளிலிருந்து இந்தத் தொழில். சின்ன மேஜை பஞ்சருடையது. கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் மாடி ஏறி வந்து உதவியாளன் ஆனான். பெயரும் கூடவே ஏறி வந்துவிட்டது.

வந்தவள் துணி கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். அப்பா அம்மா போன பிறகு தம்பியை ஆளாக்கியவள் அவள்தான். அவன் ஆக்டிங் டிரைவர். நிரந்தர டிரைவர் லீவு போட்டால் அவர் இடத்தில் ஓட்டிக்கொடுக்கிறவன். போன வாரம் ஒரு சிமெண்ட் லாரியை அப்படித்தான் ஓட்டிப் போனான். நெடுஞ்சாலையில் ஆடு குறுக்கே ஓடிவந்தது என்று பிரேக் போட்டான். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த சின்னப் பச்சைக் கார் நேராக லாரிக்கு அடியில் போய்ச் செருகிவிட்டது. காரில் இருந்தவர் கடை கடையாகப் போய்த் தராசு ரிப்பேர் செய்கிறவர். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

முதலில் விபத்து என்றுதான் போலீஸ் எழுதியது. பிறகு இரண்டு விஷயங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று, அன்று காலை டீக்கடையில் தம்பி விட்ட உதார். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு நாள் பிரேக் அடித்துக் காட்டினால்தான் புத்தி வரும் என்று நாலு பேர் காதுபடச் சொல்லியிருக்கிறான். இன்னொன்று, பக்கத்தில் போன பஸ்ஸின் ஜன்னலோரத்திலிருந்து யாரோ செல்போனில் எடுத்த வீடியோ படம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்த இன்ஸ்பெக்டர் இது திட்டம் போட்டுச் செய்தது என்று முடிவு கட்டிவிட்டார்.

"நாளைக்குக் காலைல கொலைன்னு எழுதிக் கோர்ட்டுல கொடுக்கப்போறாங்க. கொடுத்துட்டா அப்புறம் வருஷக்கணக்கா உள்ளதான்னு வக்கீல் சொல்லிட்டார். அவன் வாய் மட்டும்தான் நீளம், டீச்சர். ஒரு எலியை அடிக்கச் சொன்னாக்கூட என்னைக் கூப்பிடுவான்."

"அந்த ஆட்டைக் கண்டுபிடிச்சீங்களா?" என்றான் பஞ்சர்.

"அங்க ஒரு மந்தையே மேயுது. எந்த ஆட்டைப் பிடிச்சு, நீதானான்னு கேக்குறது?"

அவன் அடிக்க வேண்டிய ஜோக்கை அவளே அடித்துவிட்டாள், அதுவும் சிரிக்காமல். பஞ்சர் வாயை மூடிக்கொண்டான்.

அவள் போன பிறகு டீச்சர், அவள் அனுப்பிவிட்டுப் போன அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். படத்தில் சிமெண்ட் லாரி போகிறது, அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு பச்சைக் கார் போகிறது. லாரியின் பின்விளக்கு சிவப்பாக இரண்டு தடவை மின்னி அணைகிறது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி இரண்டு தடவை. அப்புறம் ஒரேயடியாகச் சிவப்பு, பஸ்ஸுக்குள் அலறல், பிறகு படத்தில் வெறும் ஆகாயம். விளக்கைக் காட்டிக் காட்டி ஆட்டம் காட்டியிருக்கிறான், கடைசியில் அடித்துவிட்டான் என்பது இன்ஸ்பெக்டரின் கணக்கு. கைப்பழக்கம் இல்லாத வண்டி, பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன் என்பது தம்பியின் வாக்குமூலம். அதைக் கேட்டு ஸ்டேஷனே சிரித்ததாம்.

"சிரிச்சவங்க யாரும் என்கிட்ட படிச்சவங்க இல்ல" என்றார் டீச்சர். "பெடலை லேசாத் தொட்டா விளக்கு எரியும், வண்டி நிக்காது. இங்க பாரு, லாரி வேகம் குறையவே இல்லை. பையன் நிஜமாவே தொட்டுப் பார்த்திருக்கான். புது வண்டியில ஏறினா அப்படித்தான் செய்யணும்னு நானே பாடம் நடத்தியிருக்கேன்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

"லாரியைப் பார்த்தது போதும், பின்னாடி வர்ற காரைப் பாரு. முன்னாடி போற வண்டியில சிவப்பா எரிஞ்சா நீ என்ன பண்ணுவே?"

"காலைத் தூக்குவேன். அப்படியே முன்னாடி போறவன் பரம்பரையையும் இழுப்பேன்."

"இவர் என்ன பண்றார்?"

பஞ்சர் செல்போனை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். முதல் தடவை சிவப்பு மின்னியதும் கார் ஒரு கை அளவு முன்னால் நகர்ந்தது. இரண்டாவது தடவை மின்னியதும் இன்னும் நெருங்கியது. ஊர் உலகத்தில் எல்லோரும் சிவப்பைக் கண்டால் ஒதுங்குகிறார்கள், இந்த மனிதர் நெருங்குகிறார்.

"வாழ்க்கை வெறுத்துப் போச்சோ என்னவோ."

"வாழ்க்கை வெறுத்தவன் பெட்ரோல் மிச்சம் பிடிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

நசுங்கிய கார் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் கிடந்தது. காவலுக்கு நின்ற ஏட்டு டீச்சரிடம் வண்டி பழகியவர். பழகிய காலத்தில் வாங்கிய திட்டு இன்னும் மறக்கவில்லை போலிருக்கிறது, கேள்வி கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். காரின் முன்பாதியைப் பார்க்கச் சகிக்கவில்லை. டீச்சர் அதைப் பார்க்கவும் இல்லை. கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக இருக்கும் பள்ளத்தில் விரலை வைத்தார்.

பள்ளம் சாம்பல் நிறத்தில் மேடு தட்டியிருந்தது. சிமெண்ட் தூசிதானே என்று பஞ்சர் நகத்தால் சுரண்டினான். நகம்தான் வலித்தது. ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்பியதும் பட்டையாகப் பெயர்ந்து வந்தது, அப்பளம் கனத்துக்கு அடுக்கடுக்காக.

"ஒரு நாள் தூசின்னா விரலோட வந்துடும்" என்றார் டீச்சர். "இது தூசி படிஞ்சு, மழையில நனைஞ்சு, வெயில்ல காஞ்சு, மறுபடி படிஞ்சு கல்லாப் போயிருக்கு. எத்தனை மழை பார்த்த சிமெண்ட் தெரியுமா? இவர் கண்ட லாரி பின்னாடி போன ஆள் இல்ல. ரொம்ப நாளா சிமெண்ட் லாரி பின்னாடி மட்டுமே போயிருக்கார்."

அந்தச் சாலையில் காலையில் போகிற சிமெண்ட் லாரி ஒன்றே ஒன்றுதான் என்று ஏட்டு சொன்னார். அந்த லாரியைத் தம்பி ஓட்டியதோ அந்த ஒரே ஒரு நாள். பஞ்சருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. டீச்சர் அந்தச் சிமெண்ட் பட்டையைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். அடுத்து அவர் போகச் சொன்ன இடம் பஞ்சருக்குத் துளியும் பிடிக்காத இடம். செத்தவருடைய வீடு.

முன்னறையில் சுவரோரமாகத் தராசுகள் வரிசையாக நின்றன. ரிப்பேருக்கு வந்தவை, உரியவர்கள் இன்னும் கேட்டு வராதவை. தராசுக்காரரின் மனைவி ஒரு துணியால் அவற்றின் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். ஆக்டிங் டிரைவர் என்ற பேச்சை எடுத்ததுமே அவள் கை நின்றுவிட்டது. அவன் நல்லாவே இருக்க மாட்டான் என்றாள். கண்ணை மூடினால் தினமும் அவனைத்தான் சபிக்கிறாளாம், அந்தச் சாபம் ஒன்றுதான் இப்போதைக்கு அவளை நடமாட வைக்கிறதாம். பஞ்சர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

டீச்சர் எதையும் மறுக்கவில்லை. தராசுக்காரர் வண்டி ஓட்டுவது எப்படி, தனியாகவா போவார் என்று மட்டும் கேட்டார்.

"தனியா எங்க போனார்? தினம் அண்ணன் கூடத்தான் போவார்."

"கூடப் பிறந்தவரா?"

"அவருக்குக் கூடப் பிறந்தவங்களே கிடையாது. போற வழியில யாரோ பழக்கம். அண்ணன் வந்தா பெட்ரோல் செலவே தெரியலைம்பார். அண்ணன் லீவு போட்டா அன்னிக்கு ராத்திரி பூரா, பெட்ரோல் கூடப் போயிடுச்சுன்னு புலம்பல். அவர் வண்டியில ஏறிக்குவார் போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன். ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அண்ணனுக்குக் கூச்சம், ஒரு நாளும் நின்னு பேச மாட்டார்னு சிரிப்பார்." அவள் துணியைத் தராசின் மேல் போட்டாள். "சாவுக்குக்கூட வரல அந்த அண்ணன்."

டீச்சர் தெருவுக்கு வந்தார். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, பஞ்சரின் மச்சான் ஒரு பழைய சின்னக் கார் வைத்திருப்பானே, அது என்ன நிறம் என்று கேட்டார்.

"பச்சைன்னு அவன் சொல்றான். பாதி துரு. எதுக்கு டீச்சர்?"

"போய் வாங்கிட்டு வா. லாரி ஷெட் மூலையில, உள்ள இருந்து பார்த்தா தெரியாத மாதிரி நிறுத்து."

காரைக் கேட்டதற்கு மச்சான் ஆயிரம் கேள்வி கேட்டான். தங்கையைக் கட்டிக்கொடுத்தபோதுகூட அவன் இத்தனை விசாரிக்கவில்லை. ஒரு வழியாகச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பஞ்சர் ஷெட்டுக்குப் போனபோது, டீச்சர் ஏற்கெனவே அந்த லாரியின் நிரந்தர டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசிக்கொண்டிருந்தார், டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் சரி. ஷெட்டில் அவருக்குச் சாமியார் என்று பெயர். பக்தி ஒன்றும் கிடையாது, வாயைத் திறக்க மாட்டார், அவ்வளவுதான். சிமெண்ட் மூட்டைகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டுவதில் மும்முரமாக இருந்தார். லாரிக்கு அடி எதுவும் இல்லை என்று முதலாளி அதை மறுபடி ஓடவிட்டிருந்தார். அன்று லோடு ஏறத் தாமதமாகி, காலை நடை சாயங்காலத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

அன்று பல் பிடுங்கப் போனதால்தான் லீவு என்றார் சாமியார். பின்னால் வருகிற எந்தக் காரும் தனக்குத் தெரியாது, லாரியின் முதுகில் கண்ணா இருக்கிறது என்றார். போலீஸிடமும் அதைத்தான் சொன்னாராம். ஆக்டிங் டிரைவரிடம் வண்டியைப் பற்றி என்னென்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். மூன்றாவது கியர் மக்கர் பண்ணும், வைப்பர் இடது பக்கம் ஓடாது, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் பள்ளம் உண்டு, எல்லாம் சொன்னேன் என்றவர் கயிற்றில் ஒரு முடிச்சைப் போட்டார். போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டார்.

"வேற எதுவும் சொல்ல விட்டுப்போகலையே?"

சாமியார் லாரியில் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

டீச்சரையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்த பஞ்சர், லாரிக்கு நிறைய இடம் விட்டே ஓட்டினான். முன்னால் லாரியின் முதுகு போய்க்கொண்டிருந்தது, அதில் ஒரு சூரியகாந்திப் பூ, பாதி பெயிண்ட், பாதி சிமெண்ட். அதன் பின்னால் போய் ஒட்டு என்றார் டீச்சர். தன் வாழ்நாளெல்லாம் இடைவெளி விடு, இடைவெளி விடு என்று தொண்டை கிழியக் கத்திய மனுஷி.

"டீச்சர், எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. ஞாபகம் இருக்கா?"

"அதனாலதான் கொஞ்சமா ஒட்டச் சொல்றேன்."

ஒட்டினான். பூ கண்ணாடி முழுக்க விரிந்தது, சாலை காணாமல் போனது. அப்புறம் நடந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை. அதுவரை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கியது. மூச்சிரைத்துக்கொண்டு வந்த மச்சானின் டப்பா கார், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல இலேசாக ஓட ஆரம்பித்தது. காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து பாதி எடுத்த பிறகும் வேகம் குறையவில்லை. அடேங்கப்பா என்று அவன் வாயில் தானாக வந்துவிட்டது. ஒருத்தர் இதற்குப் பழகிப்போனால் விடுவது கஷ்டம்தான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயமும் சேர்ந்துகொண்டது. முன்னால் என்ன வருகிறது என்று இவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. முன்னால் இருப்பவர் பார்ப்பதுதான் பார்வை, அவர் காலில்தான் இவன் உயிர்.

சாலை ஒரு பக்கமாக வளைந்தது. வெயில் சாய்ந்து அடித்ததில் லாரியின் நீளமான நிழல் ஓரத்து மண்ணில் விழுந்து ஓடியது, அதன் வாலில் இவர்களுடைய காரின் குட்டி நிழலும் ஒட்டிக்கொண்டு ஓடியது. டீச்சர் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தார்.

பின்விளக்கு சிவப்பாக மின்னி அணைந்தது. மறுபடி ஒரு தடவை. லாரி கொஞ்சமும் வேகம் குறையவில்லை.

பஞ்சரின் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. டீச்சர் அவன் முழங்காலைத் தட்டினார்.

"அது நில்லுன்னு சொல்லல. கொஞ்சம் கிட்டப் போ."

போனான். கொஞ்ச நேரத்தில் லாரியின் வலதுபக்க இண்டிகேட்டர் எரிந்தது. திரும்புவதற்கு அங்கே வழியே இல்லை. யாரும் சொல்லாமலே பஞ்சருக்குப் புரிந்தது. காலை எடுத்துப் பின்வாங்கினான். லாரி மெல்லக் குலுங்கி எதிலோ இறங்கி ஏறியது. அடுத்த நிமிஷம் இவனும் அந்தப் பள்ளத்தில், பாலத்துக்கு முன்னால் இருந்த அந்தப் பள்ளத்தில், நோகாமல் இறங்கி ஏறினான். பாலம் தாண்டியதும் சிவப்பு மறுபடி இரண்டு தடவை மின்னியது.

பிறகு லாரி தள்ளாடியது. ஓரம் கட்டி நின்றது.

இவர்கள் இறங்கிப் போனபோது சாமியார் லாரியின் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், அது இன்னும் ஏதாவது செய்துவிடும் என்று பயந்தவர் மாதிரி.

"அவன் செத்துட்டான்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரியும். நிழல் தெரிஞ்சதும் கால் தானாப் போயிடுச்சு."

அப்புறம் ஷெட்டில் வருஷம் முழுக்கப் பேசாத பேச்சையெல்லாம் சாலையோரத்தில் பேசித் தீர்த்தார். பச்சைக் கார் முதலில் ஒட்டிக்கொண்டு வந்தபோது அவருக்கும் எரிச்சல்தான். ஒரு நாள் அந்தப் பள்ளத்துக்காகப் பிரேக் போட்டபோது கார் மயிரிழையில் தப்பியது. அன்றிலிருந்து பள்ளம் வந்தால் முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டு விலகச் சொன்னார். விலகினவனுக்கு, சாலை நன்றாக இருக்கிறது இனி வரலாம் என்று எப்படிச் சொல்வது? பெடலை இரண்டு தடவை லேசாகத் தொட்டார். கார்க்காரன் புரிந்துகொண்டான். பிரியும் இடத்தில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவான். அவ்வளவுதான் சிநேகம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் வீட்டில் ஒண்டிக்கட்டையாக இருக்கிற மனுஷனுக்கு, காலையில் அந்தக் குட்டி நிழல் வந்து சேர்ந்துகொண்டால்தான் பொழுது விடிந்த மாதிரி இருக்குமாம்.

"ஆக்டிங் பையன்கிட்ட ஏன் சொல்லல?" என்று டீச்சர் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"மறக்கல. சொல்ல வாயெடுத்தேன்." சாமியார், பல் பிடுங்கிய வீக்கம் இன்னும் வடியாத கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "வெட்கமாப் போயிடுச்சு. இந்த வயசுல, முன்னப்பின்ன தெரியாத ஆளோட விளக்குப் போட்டு விளையாடுறேன்னு எப்படிச் சொல்றது? ஷெட்டே சிரிக்கும். ஒரு நாள்தானே, என்ன ஆயிடப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அந்தப் பையன் பொறுப்பானவன். பொறுப்பானவன் என்பதால்தான் புது வண்டியின் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். தராசுக்காரருக்கு டிரைவர் மாறியது தெரியாது, லாரியும் பூவும்தான் தெரியும். ஒவ்வொரு தொடுதலுக்கும் அண்ணன் கூப்பிடுகிறார் என்று நம்பி நெருங்கிப் போயிருக்கிறார். ஆடு வந்தபோது இண்டிகேட்டர் எரியவில்லை. பஞ்சர் யாரைத் திட்டலாம் என்று மனசுக்குள் தேடினான். ஆட்டைத் தவிர ஒருத்தரும் அகப்படவில்லை, அதற்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

டீச்சர் அங்கிருந்தே இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னதுதான் இடி. இந்த விளக்குச் சங்கதி தெரிந்தது உலகத்தில் இரண்டு பேருக்கு. ஒருவர் போய்விட்டார். மற்றவர் அதே லாரி ஷெட்டு ஆள். கூட வேலை செய்கிறவனைக் காப்பாற்ற அவர் கதை கட்டுகிறார் என்று நாளைக்கே எதிர்த்தரப்பு சொல்லும். முதலில் எந்தக் காரும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். இன்றைக்கு எடுத்த படத்தில் விளக்கு மின்னுவது தெரியும், அதற்கு என்ன அர்த்தம் என்பது தெரியாது. செத்தவர் பக்கத்திலிருந்து யாராவது சொல்ல வேண்டும். சொன்னால் கொலைப் பிரிவை எடுத்துவிடலாம் என்றார்.

"யாராவதுன்னா?" என்று பஞ்சர் கேட்டான், பதில் தெரிந்தே.

சாமியார் எழுந்துவிட்டார். "அந்த வீட்டை எனக்குக் காட்டுங்க" என்றார்.

லாரியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டுத் தெருவுக்குள் நடந்து வந்தார். வாசலில் நின்றவர் அதற்கு மேல் கால் வைக்கவில்லை. உள்ளே டீச்சர்தான் பேசினார். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அண்ணன் கதையை அவள் வாய் திறந்து சொன்னால் அந்தப் பையன் கொலைகாரன் இல்லை என்று ஆகும், ஒட்டிக்கொண்டு போனது அவள் வீட்டுக்காரர் தப்பு என்றும் எழுதுவார்கள், இரண்டும் சேர்ந்துதான் வரும் என்பதையும் மறைக்கவில்லை.

தராசுக்காரரின் மனைவி துடைக்கிற துணியை மடித்தாள், பிரித்தாள்.

"அப்ப நான் யாரைத்தான் சபிக்கிறது?" என்று கேட்டாள்.

எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்திய டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஞ்சர் இந்த மாதிரி நேரத்தில் ஜோக் அடிக்கிற தன் புத்தியை நினைத்து, நல்லவேளை எதுவும் வரவில்லை என்று இருந்தான்.

அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். சிமெண்ட் படிந்த சட்டையோடு நின்ற மனிதரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அண்ணனா?"

சாமியார் தலையை ஆட்டினார். அப்படி ஒரு பெயர் தனக்கு இருந்தது அவருக்கே அன்றுதான் தெரியும்.

"உங்களைச் சாப்பிடக் கூட்டிட்டு வரச் சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்றாள். "கடைசி நேரத்துல அவர் பயந்திருப்பாரா?"

"இல்லம்மா." சாமியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயப்படுற பழக்கமே அவருக்குப் போயிடுச்சு. நான்தான் பழக்கி விட்டுட்டேன்."

அவள் அழுதாள். சாமியாரும் அழுதார். அழுகிற ஆட்கள் இரண்டு பேர் நடுவில் பஞ்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். அந்தப் பையனுக்கு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்றும் கேட்டாள். ஒரு அக்கா மட்டும்தான் என்றார் டீச்சர்.

தெருவில் நிறுத்தியிருந்த காரைப் பார்த்ததும்தான் பஞ்சருக்கு உறைத்தது. பச்சைக் கார். அதே மாதிரி, அதே அளவு. அவசரத்தில் இதை யாருமே யோசிக்கவில்லை. மச்சானைத் திட்டுவதா, தன்னையே செருப்பால் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று முணுமுணுத்தான். அவள் ஒரு நிமிஷம் காரின் முன்னால் நின்றாள். பிறகு தானே பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்டேஷன் நெடுஞ்சாலையில்தான் இருந்தது. லோடு லாரியை நடுவழியில் விட்டுவிட்டு வர முடியாது என்பதால் சாமியார் அதை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். வேறு வழியில்லாமல் இவர்கள் பின்னால் போனார்கள். முன்கண்ணாடியில் அந்தச் சூரியகாந்திப் பூ தெரிந்தது. பின்சீட்டிலிருந்து அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இதைத்தான் தினம் பார்த்துக்கிட்டுப் போனாரா?"

"ஆமாம்மா" என்றார் டீச்சர்.

தூரத்தில் ஸ்டேஷன் தெரிந்தது. படிக்கட்டில் காலர் தைக்கிற அக்கா எழுந்து நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி திரும்புவதற்காக வேகம் குறைந்தது, பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. பஞ்சர் அதற்கு முன்பே காலை எடுத்திருந்தான். நடுவில் இரண்டு வண்டிகள் புகுந்து போகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் வந்துகொண்டிருந்தான்.

அப்படியும் அவள் முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளியே போங்க தம்பி" என்றாள்.